நாம் திரையிடுவது எந்தப் பிரதி?

(பள்ளித் திரைப்பட மன்றப் பொறுப்பாசிரியர்களுக்கான பயிற்சியில் பட்டதாரி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு படத்தைக் குழந்தைகளோடு உட்கார்ந்து எப்படிப் பார்ப்பது, பார்த்து முடித்ததும் எதைப் பேசுவது என்று காலையிலிருந்து நிறையப் பேசிவிட்டோம். எனக்கு ஒதுக்கிய இருபது நிமிடத்தில் அதற்கு முந்தைய கட்டத்துக்குப் போகலாம் என்று பார்க்கிறேன். நம் கையில் இருக்கும் படம், வெளியான நாளில் மக்கள் தியேட்டரில் பார்த்த அதே படம்தானா?

நான் சமூக அறிவியல் நடத்துகிறவன். வரலாற்றுச் சான்றுகள் என்றால் கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஓலைச்சுவடி என்று பட்டியல் போடுவோம். இருபதாம் நூற்றாண்டுக்கு வந்துவிட்டால் திரைப்படத்தையும் அதில் சேர்க்க வேண்டும். சேர்த்த உடனே, கல்வெட்டைப் பார்த்துக் கேட்கிற கேள்வியை இதைப் பார்த்தும் கேட்டாக வேண்டும். இது மூலமா, படியா? படி என்றால் எடுத்தவர் எதை விட்டார், எதைச் சேர்த்தார்?

உலகமே அறிந்த ஒரு படத்தை எடுத்துக்கொள்கிறேன். 'ஸ்டார் வார்ஸ்'. ஜார்ஜ் லூகாஸ் இயக்கியது. 1977 மே 25 அன்று அமெரிக்காவில் முப்பது சொச்சம் தியேட்டர்களில் மட்டும் வெளியாகி, பிறகு உலகம் முழுக்க ஓடியது. பார்க்காதவர்களுக்கு ஒரு வரிக் கதை: எங்கோ தொலைதூர விண்வெளியில் ஒரு கொடுங்கோல் பேரரசு, அதை எதிர்க்கும் ஒரு சிறு கூட்டம். படம் தொடங்கும்போது மஞ்சள் எழுத்துகள் திரையின் அடியிலிருந்து வானத்துக்குள் ஏறிப் போகும். இன்று நீங்கள் அந்தப் படத்தைப் போட்டால் 'நான்காம் அத்தியாயம்' என்ற வரியும் சேர்ந்து ஏறும். 1977-இல் தியேட்டரில் உட்கார்ந்திருந்தவர்கள் அந்த வரியைப் பார்க்கவில்லை. 1981-இல் மறுவெளியீடு செய்தபோதுதான் அதைச் சேர்த்தார்கள். இன்றைய பிரதியை மட்டும் பார்க்கிற ஒரு மாணவர், முதல் நாளிலேயே 'இது நான்காம் பாகம்' என்று அறிவித்துவிட்டுத்தான் படத்தை வெளியிட்டார்கள் என்று எழுதுவார். அவர் மீது குற்றம் சொல்ல முடியாது. அவருக்குக் கிடைத்த சான்று அப்படி.

இது சின்ன மாற்றம். பெரிய மாற்றங்கள் 1997-இல் வந்தன. இருபதாம் ஆண்டையொட்டி 'ஸ்பெஷல் எடிஷன்' என்ற பெயரில் கணினி வரைகலையால் புதுக் காட்சிகளைச் சேர்த்து வெளியிட்டார்கள். அதில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஹான் சோலோ என்றொரு கடத்தல்காரன். கடன்பட்டவன், காசுக்காக எதையும் செய்பவன். மதுக்கடையில் அவனுக்கு எதிரே கிரீடோ என்பவன் துப்பாக்கியை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். 1977 படத்தில், பேசிக்கொண்டே மேசைக்கு அடியில் துப்பாக்கியை உருவி ஹான் சுட்டுவிடுகிறான். அவன் மட்டும்தான் சுடுகிறான். 1997 படத்தில் கிரீடோ முதலில் சுடுகிறான், குறி தவறுகிறது, அதன் பிறகே ஹான் சுடுகிறான். 2004 குறுந்தகட்டில் இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் சுடுகிறார்கள். 2019-இல் இணையத்தில் வந்த வடிவத்தில் கிரீடோ சுடுவதற்கு முன் புதிதாக ஒரு சொல்லும் சொல்கிறான்!

சிரிக்கிறீர்கள். ஆனால் பாத்திரப் படைப்பு என்று பாடம் நடத்துகிறோமே, இங்கே அதுவே மாறிவிடுகிறது. தன்னலக்காரனாக நுழைந்து, கடைசியில் நண்பர்களுக்காக உயிரைப் பணயம் வைத்துத் திரும்பி வருகிறவன் ஹான். முதலிலேயே அவனை நல்லவனாக்கிவிட்டால் அந்தத் திரும்பி வருதலுக்குப் பாதி மதிப்புதான்.

"படம் அவருடையது, மாற்றிவிட்டுப் போகட்டுமே, உங்களுக்கு என்ன?" என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் எழுத்தாளர்களும் இரண்டாம் பதிப்பில் திருத்துகிறார்கள். ஆனால் முதல் பதிப்பு எங்காவது ஒரு நூலகத்தில் இருக்கும். இங்கே நடந்தது வேறு. 1997 வேலைக்காக அந்தப் படத்தின் மூல நெகட்டிவையே எடுத்துச் சுத்தம் செய்தார்கள். அதன் நிறம் ஏற்கெனவே மங்கியிருந்தது. மாற்றிய காட்சிகளைப் புதிதாக உருவாக்கி, பழைய துண்டுகளை எடுத்துவிட்டு அந்த நெகட்டிவிலேயே இணைத்தார்கள். பழைய துண்டுகளைத் தனியாக எடுத்து வைத்தார்கள் என்றாலும், 1977 படமாக வரிசையில் இருந்த மூலம் இப்போது 1997 படமாகிவிட்டது. தான் எடுக்க நினைத்த படம் இதுதான், பழையது வேண்டுமென்றால் வீடியோ நாடாவில் இருக்கிறது என்கிற பொருளில் லூகாஸ் 2004-இல் பேட்டி கொடுத்தார். 2006-இல் பழைய வடிவத்தை இலவச இணைப்புபோல ஒரு தகட்டில் தந்தார்கள். அதுவும் 1993-இல் லேசர் டிஸ்க்குக்காகத் தயாரித்த பிரதியிலிருந்து எடுத்தது. இன்றைய அகலத் தொலைக்காட்சியில் போட்டால் நான்கு பக்கமும் கறுப்பு விழுந்து, நடுவில் சின்னதாகத் தெரியும்.

இதில் எனக்கு மிகவும் வியப்பான சங்கதி ஒன்று உண்டு. 1980-களில் பழைய கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கணினியில் வண்ணம் பூசி விற்கத் தொடங்கினார்கள். அதை எதிர்த்து 1988-இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு முன் வந்து சாட்சியம் சொன்ன இயக்குநர்களில் லூகாஸும் ஒருவர். கலைப்படைப்புகளை மாற்றுவது ஒரு சமூகத்தின் பண்பாட்டுச் சொத்தை அழிப்பது என்று வாதாடினார். அதே ஆண்டு திரைப்படப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. ஆண்டுதோறும் 25 படங்களைத் தேர்ந்து தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்ப்பது என்று முடிவானது. 1989-இன் முதல் பட்டியலிலேயே 'ஸ்டார் வார்ஸ்' இருந்தது. மற்றவர் படத்தை மற்றவர் மாற்றுவது வேறு, தன் படத்தைத் தானே மாற்றுவது வேறு என்று அவர் பக்கம் நின்றும் பேசலாம். நான் அந்த வாதத்தை முழுக்கத் தள்ள மாட்டேன். மாற்ற அவருக்கு உரிமை உண்டு. முன்பு இருந்ததை இல்லாமல் ஆக்கும் உரிமை உண்டா என்பதுதான் என் சந்தேகம்.

இந்த இடத்தில்தான் ரசிகர்கள் வருகிறார்கள். நம் ஊரில் ரசிகர் என்றால் கட்-அவுட்டும் பாலாபிஷேகமும் நினைவுக்கு வரும். இவர்கள் வேறு வகை.

ஒரு படம் வெளியாகும்போது தியேட்டர்களுக்குப் பெட்டி பெட்டியாகப் பிரிண்ட் போகும். படப்பெட்டி வந்துவிட்டதா என்று பஸ் ஸ்டாண்டில் காத்திருந்த தலைமுறை இங்கேயும் சிலர் இருப்பீர்கள். அந்தப் பிரிண்ட் விநியோகஸ்தருடைய சொத்து. ஓடி முடித்ததும் திரும்பிப் போக வேண்டும், பெரும்பாலும் அழிக்கப்படும். ஆனாலும் சில பெட்டிகள் திரும்பிப் போகாது. ஆப்பரேட்டர் அறையில், கிடங்கில், சேகரிப்பாளர் வீட்டில் தங்கிவிடும். 1997-க்கு முந்தைய 'ஸ்டார் வார்ஸ்' அப்படித் தங்கிய 35 மி.மீ. சுருள்களில்தான் முழு உருவத்தோடு இருக்கிறது என்பதை ரசிகர்கள் புரிந்துகொண்டார்கள்.

சுருள் கிடைத்துவிட்டால் போதுமா? டூரிங் டாக்கீஸில் பழைய வண்ணப்படம் பார்த்தவர்களுக்குத் தெரியும். வானம், வயல், கதாநாயகி முகம் எல்லாமே ஒரே சிவப்பாக இருக்கும். வண்ண ஃபிலிமில் மூன்று சாய அடுக்குகள் உண்டு. அந்தக் காலத்து ஈஸ்ட்மன் வகையில் நீலப்பச்சைச் சாயம் முதலில் வெளிறும், மஞ்சளும் மெல்லக் குறையும், கருஞ்சிவப்பு மட்டும் மிஞ்சும். டெக்னிகலர் நிறுவனம் பயன்படுத்திய சாயம் மாற்றும் முறை வேறு. வண்ணப் படம் அச்சடிப்பதுபோல மூன்று சாயங்களையும் ஒன்றன் மேல் ஒன்றாக ஃபிலிமில் ஒற்றி எடுப்பார்கள். அந்தப் பிரிண்ட் எளிதில் வெளிறாது. அமெரிக்காவில் 1970-களின் நடுவிலேயே அந்த முறையைக் கைவிட்டுவிட்டார்கள். லண்டன் ஆலையில் மட்டும் இன்னும் சிறிது காலம் ஓடியது. அதனால் 'ஸ்டார் வார்ஸ்' படத்துக்கு அப்படிப்பட்ட பிரிட்டிஷ் பிரிண்டுகள் சில உண்டு. 1977-இல் என்ன நிறம் தெரிந்தது என்பதற்கு அவைதான் நம்பகமான சாட்சி.

முதலில் பெரிய அளவில் பேசப்பட்ட முயற்சி செக் நாட்டைச் சேர்ந்த ஒருவருடையது. 2010 வாக்கில் தொடங்கினார். அவர் தொழில் என்ன தெரியுமா? ஆங்கில ஆசிரியர். பள்ளி நேரம் போக மிச்ச நேரத்தில், கடையில் கிடைக்கும் புதிய பிரதியை அடிப்படையாக வைத்துக்கொண்டு, மாற்றப்பட்ட ஒவ்வொரு காட்சியிலும் பழைய படத்தைத் தேடிப் பொருத்தினார். லேசர் டிஸ்க், 16 மி.மீ. சுருள், 35 மி.மீ. துண்டு என்று எது கிடைத்தாலும் எடுத்துக்கொண்டார். அற்புதமான உழைப்பு. ஆனால் பல துணிகளைச் சேர்த்துத் தைத்த சட்டை அது. ஓடிய சுருளையே அப்படியே எடுக்க வேண்டும் என்று நினைத்த ஒரு குழு, 35 மி.மீ. பிரிண்டிலிருந்து எடுத்த வடிவத்தை 2016-இல் வெளியிட்டது. 2018-இல் '4கே77' வந்தது. பெயரிலேயே விவரம் இருக்கிறது: 4கே என்பது படத்தின் நுணுக்கம், 77 என்பது ஆண்டு. ஏறக்குறைய முழுப் படமும் 1977-இன் ஒரே பிரிண்டிலிருந்து எடுத்தது. சேதமான இடங்களுக்கு மட்டும் வேறு சுருள்களிலிருந்து கடன் வாங்கினார்கள்.

வேலை எப்படி நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் மாணவர்களுக்கு இதுதான் பிடிக்கும். முதலில் சுருளைக் கையால் ஓட்டி, ஓரத்துத் துளைகள் கிழிந்திருக்கின்றனவா, ஒட்டுகள் விட்டிருக்கின்றனவா என்று பார்ப்பார்கள். ஃபிலிமிலிருந்து காடி வாசம் வந்தால் அது அழுகத் தொடங்கிவிட்டது. அசிடேட் சிதைந்து அசிட்டிக் அமிலம் வெளியாகிறது. அறிவியல் ஆசிரியர்கள் இதைக் குறித்துக்கொள்ளலாம். பிறகு ஸ்கேனரில் ஒவ்வொரு சட்டகமாகப் படம் பிடிக்க வேண்டும். நொடிக்கு 24 சட்டகம், படம் 121 நிமிடம். பெருக்கிப் பாருங்கள், 1,74,240 வருகிறது. ஒவ்வொன்றிலும் தூசி, கீறல், எண்ணெய்க் கறை. ரீலின் தொடக்கத்திலும் முடிவிலும்தான் சேதம் அதிகம், ஏனென்றால் ஆப்பரேட்டர் கை அங்கேதான் படும். அறுந்தால் வெட்டி ஒட்டுவதும் அங்கேதான். நாம் "மழை பெய்கிறது" என்று சொல்வோமே, அந்த நீளக் கோடுகளில் பலவற்றை மென்பொருள் நீக்கிவிடும். ஆனால் விண்மீன்கள் நிறைந்த வானத்தில் எது நட்சத்திரம், எது தூசி என்று மென்பொருளுக்குத் தெரியாது. மனிதக் கண் உட்கார்ந்து பார்க்க வேண்டும். இந்தப் படத்தில் பாதி நேரம் வானம்தான்!

அடுத்து வருவது நுட்பமான சிக்கல். எவ்வளவு சுத்தம் செய்வது? ஃபிலிமில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல மெல்லிய துகள்கள் அசையும். அது அழுக்கு இல்லை, ஃபிலிமின் உடம்பே அதுதான். இன்றைய கண்ணுக்கு அது உறுத்துகிறது, வழவழப்பாக்கிவிடலாம் என்று தோன்றும். '4கே77' குழுவினர் துகள்களைக் குறைத்து ஒரு வடிவமும், அப்படியே விட்டு ஒரு வடிவமும் வெளியிட்டார்கள். நிறத்திலும் இதே கதை. பிரிண்டில் இருப்பதை அப்படியே வைப்பதா, சிறு வயதில் பார்த்ததாக நினைவிருக்கும் நிறத்துக்குக் கொண்டுபோவதா? "கொஞ்சம் மேம்படுத்திவிடலாமே" என்று லூகாஸுக்குத் தோன்றிய அதே எண்ணம், அவரைக் குறை சொல்லும் ரசிகருக்கும் கணினி முன் உட்கார்ந்ததும் தோன்றுகிறது. என்னைக் கேட்டால் துகள்களோடு விட்ட வடிவமே நேர்மையானது. ஆனால் இரண்டையும் வெளியிட்டு, எதில் என்ன செய்தோம் என்று எழுதியும் வைத்தார்களே, அதைத்தான் முக்கியமாக நினைக்கிறேன்.

மூலம் என்ற ஒன்றாவது ஒற்றையாக இருக்கிறதா என்றால், அதுவும் இல்லை. 1977-இலேயே இந்தப் படத்துக்கு மூன்று ஒலிக்கலவைகள் இருந்தன. பெரிய தியேட்டருக்கான 70 மி.மீ. பிரிண்டுக்கு ஒன்று, 35 மி.மீ. ஸ்டீரியோவுக்கு ஒன்று, சாதாரண தியேட்டருக்கான மோனோ ஒன்று. மோனோவில் சில வசனங்கள் கூடுதல்; கதாநாயகனின் அத்தை குரல்கூட வேறு. ஒரே வாரத்தில் பக்கத்து ஊர் தியேட்டரில் பார்த்தவர் வேறு வசனம் கேட்டிருப்பார். தமிழாசிரியர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள், ஏனென்றால் இதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது: பாடபேதம். உ.வே.சா. பல ஏடுகளைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு, தனக்குச் சரி என்று பட்டதை மூலத்தில் வைத்து, மற்றதை அடிக்குறிப்பில் போட்டார். தூக்கி எறியவில்லை.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கே யாராவது இதைத் தேடித் திரையிட்டுவிடுவீர்கள். இந்த ரசிகர் பிரதிகளுக்கு உரிமையாளரின் அனுமதி கிடையாது. இந்தியச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் காப்புரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள். 1977 படம் இன்னும் அதற்குள்தான் இருக்கிறது. எனவே இவற்றைப் பள்ளியில் திரையிடக் கூடாது, நானும் திரையிடவில்லை. இந்த வேலையைப் பாராட்டுவதும் அந்தப் பிரதியை வகுப்பில் போடுவதும் வேறு வேறு. சட்டத்துக்கு வெளியே நிற்கிற ஒரு வேலை, பண்பாட்டுக்கு நல்லது செய்திருக்கிறது என்கிற சங்கடத்தை அப்படியே வைத்துக்கொண்டுதான் நான் பேசுகிறேன்.

சேகரிப்பாளர் கையில் தங்கிய சுருளின் அருமைக்கு இன்னொரு சான்று உண்டு. ஃப்ரிட்ஸ் லாங் இயக்கிய 'மெட்ரோபோலிஸ்' 1927 ஜனவரியில் பெர்லினில் வெளியானது. சில மாதங்களிலேயே அதை வெட்டிச் சுருக்கினார்கள். ஏறக்குறைய கால்பங்கு காணாமல் போனது. வெட்டுவதற்கு முந்தைய நீளமான பிரிண்ட் ஒன்றை அர்ஜென்டினா விநியோகஸ்தர் ஒருவர் தன் ஊருக்கு எடுத்துப் போயிருந்தார். அது ஒரு திரைப்பட விமர்சகரின் சேகரிப்புக்குப் போனது. பின்னாளில் 16 மி.மீ. சுருளாகப் படியெடுக்கப்பட்டு, புவனஸ் அயர்ஸ் நகரின் திரைப்பட அருங்காட்சியகத்தில் கிடந்தது. 2008-இல்தான் அது என்ன என்று கண்டுபிடித்தார்கள். 2010-இல் சுமார் 25 நிமிடக் காட்சிகள் படத்துக்குத் திரும்பி வந்தன. அந்தக் காட்சிகள் மட்டும் இன்றும் மழை பெய்தபடியே இருக்கும். படியெடுத்தபோதே கீறல்களும் சேர்ந்து பதிந்துவிட்டதால் நீக்க முடியவில்லை. எது மீண்டு வந்தது என்று குழந்தைக்குக்கூட அடையாளம் தெரியும்.

நம் முதல் தமிழ்ப் பேசும்படம் 'காளிதாஸ்', 1931. அதற்கு அப்படியொரு விமர்சகர் வாய்க்கவில்லை. பார்ப்பதற்கு ஒரு பிரிண்ட்கூட இல்லை.

லண்டனில் 2025 ஜூன் மாதம், பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் தன் குளிர்க் கிடங்கில் பல்லாண்டு காத்துவைத்த 1977 'ஸ்டார் வார்ஸ்' டெக்னிகலர் பிரிண்டை எடுத்து, விழாவின் தொடக்கப் படமாகத் திரையிட்டது. லூகாஸ் தொடங்கிய நிறுவனத்தின் தலைவரே மேடையேறி அறிமுகம் செய்தார். ஹான் மட்டும்தான் சுட்டான்.

சரி, நம் பள்ளிக்கு வருவோம். திரையிடலுக்கு முன் கரும்பலகையில் படத்தின் பெயர், ஆண்டு, மொழி, இயக்குநர் என்று எழுதுகிறோம். அதோடு 'எந்த வடிவம், எத்தனை நிமிடம்' என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய தமிழ்ப் படமானால் நம்மிடம் ஒரு நல்ல சான்று இருக்கிறது: படத் தொடக்கத்தில் வரும் தணிக்கைச் சான்றிதழ். அதில் நீளம் மீட்டரில் இருக்கும், இன்னும் பழையதில் அடியில் இருக்கும். 35 மி.மீ. சுருள் நிமிடத்துக்கு 90 அடி ஓடும், மீட்டரில் 27.4. சான்றிதழை நிறுத்திப் பார்த்து வகுக்கச் சொன்னால் போதும். கணக்கு ஆசிரியரும் மகிழ்வார். ஒரு எச்சரிக்கை: தொலைக்காட்சிக்காக மாற்றியபோது பல படங்களை நொடிக்கு 25 சட்டகமாக ஓட்டியிருப்பார்கள். அதனால் நூற்றுக்கு நான்கு நிமிடம் தானாகவே குறையும். அது வெட்டு அல்ல.

எங்கள் மன்றத்தில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி இப்படி ஒரு பழைய படத்தைக் கணக்குப் போட்டாள். சான்றிதழில் 4,500 மீட்டர். 164 நிமிடம் வர வேண்டும். வேக வேறுபாட்டைக் கழித்தால்கூட 157. அவள் வீட்டில் பார்த்தது 142 நிமிடம்தான். மீதி எங்கே என்று அவளுடைய பாட்டியிடம் கேட்டிருக்கிறாள். பாட்டி அந்தப் படத்தை வெளியான வாரமே பார்த்தவர். இடைவேளைக்கு முன் சந்தையில் ஒரு நகைச்சுவைக் காட்சி வரும், அதைக் காணோமே என்று சொல்லி, அதில் யார் என்ன பேசினார்கள் என்பதையும் சொல்லியிருக்கிறார். மாணவி அதைத் தன் நோட்டில் எழுதிவைத்து, கீழே 'சரிபார்க்கப் பிரிண்ட் தேவை' என்று குறிப்பும் போட்டிருக்கிறாள். நாங்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறோம். உங்கள் ஊரில் மூடிய தியேட்டர் ஏதாவது இருந்து, அதன் பழைய ஆப்பரேட்டரை உங்களுக்குத் தெரியுமென்றால், உணவு இடைவேளையில் என்னிடம் சொல்லுங்கள்.